ஆறாம் வகுப்பில் காலெடுத்து வைக்கும் பிள்ளைக்குப் பெற்றோர் செய்ய வேண்டியவை

தொடக்கப் பள்ளி முழுக்க நன்றாகப் படித்த பிள்ளை ஆறாம் வகுப்பின் முதல் தேர்விலேயே பத்துப் பதினைந்து மார்க் இறங்கி வந்தால் வீடு கலங்கிப்போகிறது. கவனம் இல்லை, சேர்க்கை சரியில்லை, போன்தான் கெடுத்தது என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறோம். அடுத்த வாரமே இரண்டு பாடத்துக்கு டியூஷன். அதற்கு முன் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பையைத் திறந்து பாருங்கள். பாதியில் நின்றுபோன நோட்டு, அடியில் கசங்கிக் கிடக்கும் வினாத்தாள், எழுதி முடித்தும் ஆசிரியரிடம் கொடுக்காத வீட்டுப்பாடம், பெற்றோர் கையெழுத்துக்காகப் போன வாரம் கொடுத்தனுப்பிய சுற்றறிக்கை எல்லாம் அங்கே இருக்கும். மார்க் எங்கே போனது என்பதற்குப் பாதி விடை அந்தப் பையில்தான்.

நடுநிலைப் பள்ளியில் பாடம் கடினமாவது உண்மைதான். அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. அதுவரை பெரும்பாலும் ஒரே ஆசிரியர் பிள்ளையின் எல்லா வேலையையும் அறிந்திருந்தார், மறந்தால் நினைவூட்டினார். இப்போது பாடத்துக்கு ஒருவர் என ஆறேழு ஆசிரியர்கள் வருகிறார்கள். மற்றவர் என்ன வேலை கொடுத்தார் என்பது ஒருவருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்து மனதில் வைத்திருக்க வேண்டியவர் பதினோரு வயதுப் பிள்ளை மட்டும்தான். திட்டமிடுவதற்கும் உந்துதலை அடக்குவதற்கும் உதவும் மூளையின் நெற்றிப் பகுதியோ முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். ஆகவே மறதியைத் திமிர் என்றோ சோம்பல் என்றோ எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலைகளைக் குறித்துவைத்து, நேரம் ஒதுக்கி, முடித்து, கொண்டுபோய்க் கொடுப்பது ஒரு திறன். சைக்கிள் விடக் கற்றுக்கொடுப்பதுபோல அதையும் கற்றுத்தர வேண்டும், பிடித்துக்கொண்டே ஓடி, பிறகு கையை எடுக்க வேண்டும்.

கையை எடுப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நீங்கள் செய்து காட்டுங்கள். பிறகு சேர்ந்து செய்யுங்கள். மூன்றாவதாகப் பிள்ளை செய்யட்டும், நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள். கடைசியில் வாரம் ஒரு முறை மட்டும் சரிபாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு பழக்கம் போதும். ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு வாரம் கொடுங்கள். டைரி, பை, படிப்பு நேரம், போன் என்று ஒரே திங்கட்கிழமையில் எல்லா விதிகளையும் கொண்டுவந்தால் அடுத்த திங்கட்கிழமைக்குள் எல்லாமே கைவிடப்பட்டிருக்கும்.

பள்ளி திறப்பதற்கு இரண்டு வாரம் முன்

முதல் வேலை தூக்கம். விடுமுறையில் நள்ளிரவு வரை விழித்துப் பழகிய பிள்ளையை ஒரே நாளில் மாற்ற முடியாது. இரண்டு நாளைக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னதாகப் படுக்கவும் எழவும் வைத்தால் இரண்டு வாரத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் முன்னுக்கு வந்துவிடும்.

இரண்டாவது, கண் பரிசோதனை. கிட்டப்பார்வை தொடங்குவதும் கூடுவதும் பெரும்பாலும் பள்ளி வயதில்தான். கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்று பிள்ளை தானாகச் சொல்லாது, எல்லோருக்கும் அப்படித்தான் தெரிகிறது என்று நினைத்துக்கொள்ளும். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதும், பலகையில் இருப்பதைப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவதும் அறிகுறிகள். 'கவனக்குறைவு' என்று திட்டு வாங்கும் பிள்ளைகளில் சிலருக்குத் தேவை ஒரு கண்ணாடி மட்டுமே.

மூன்றாவது, பை. பையின் எடை உடல் எடையில் 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்கட்டும். 40 கிலோ பிள்ளைக்கு 4 முதல் 6 கிலோ. எல்லா நோட்டையும் தினமும் தூக்கிச் செல்லும் பிள்ளைக்கு நேர அட்டவணையைப் பார்த்து அடுக்கும் பழக்கம் வரவில்லை என்று பொருள். அதுதான் முதலில் கைமாற்ற வேண்டிய வேலை. இரவிலேயே பையை அடுக்கி வாசல் பக்கம் வைத்துவிடட்டும், காலை அவசரத்தில் வேண்டாம்.

டைரியும் இரண்டு உறையும்

எழுதி வைக்கும் இடம் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். கொஞ்சம் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில், கொஞ்சம் உள்ளங்கையில், மீதி நண்பனின் நினைவில் என்று சிதறினால் எதுவும் நிற்காது. ஒரு சின்ன டைரியில் பக்கத்துக்கு மூன்று பத்தி வரும்படி கோடு போட்டுக் கொடுங்கள். எந்தப் பாடம், என்ன வேலை, என்றைக்குக் கொடுக்க வேண்டும். வேலை எதுவும் கொடுக்காத பாடத்துக்கும் 'இல்லை' என்று எழுத வேண்டும். வெற்றாக விட்டால் வேலை இல்லையா, எழுத மறந்ததா என்று மாலையில் யாருக்கும் தெரியாது. பாடவேளை முடிந்து மணி அடித்ததும் எழுதுவது முக்கியம். மாலையில் யோசித்து எழுதினால் கடைசி இரண்டு பாடம்தான் நினைவில் இருக்கும்.

தாள்களுக்கு இரண்டு உறைகள் போதும். ஒன்றின் மேல் 'வீட்டுக்கு', மற்றதன் மேல் 'பள்ளிக்கு'. ஆசிரியர் கொடுத்த தாள் முதல் உறையில் வரும். வேலை முடிந்ததும் இரண்டாவதற்கு மாறும். இத்தனை எளிய ஏற்பாடு எதற்கு என்று தோன்றலாம். செய்து முடித்த வீட்டுப்பாடத்துக்குச் சுழியம் வாங்குவது இந்த வயதில் அடிக்கடி நடக்கிறது. எழுதி முடித்ததோடு வேலை முடிந்தது என்று பிள்ளை நினைத்துவிடுகிறது. மேசை மேல் வைத்தால் மறப்பது உறுதி, உறைக்குள் போனால்தான் ஆசிரியர் கைக்குப் போகும்.

வாரம் ஒரு நாள், 20 நிமிடம், பையை முழுதாகக் கவிழ்த்து அடுக்குங்கள். திட்டுவதற்கான நேரம் இது இல்லை. அந்த இருபது நிமிடத்தில் ஒரு முறை குரல் உயர்ந்தாலும் அடுத்த வாரம் தாள்கள் பைக்கு வராமலே மறைந்துவிடும்.

மாலை நேரம்

பள்ளியிலிருந்து வந்ததும் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் ஓய்வு. பிறகு தினமும் ஒரே நேரத்தில் படிப்பு. 'வேலை எல்லாம் முடிந்த பிறகு' என்று வைத்தால் அந்த நேரம் வரவே வராது. வகுப்புக்குப் பத்து நிமிடம் என்பது பல ஆசிரியர்கள் வைத்துக்கொள்ளும் கணக்கு. ஆறாம் வகுப்புக்கு 60 நிமிடம், எட்டாம் வகுப்புக்கு 80 நிமிடம். நாள்தோறும் இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால், ஒரு வாரத்துக்கு ஒவ்வொரு பாடமும் எத்தனை நிமிடம் எடுத்தது என்று எழுதிவையுங்கள். உண்மையிலேயே வேலை அதிகமா, ஒரு பாடம் மட்டும் இழுக்கிறதா, நடுநடுவே கவனம் சிதறுகிறதா என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். ஆசிரியரிடம் பேசவும் அதுவே ஆதாரம்.

கடினமான பாடத்தை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் எழுந்து நடமாட்டம். போன் வேறு அறையில் இருக்கட்டும். மேசையில் கவிழ்த்து வைத்தால் போதாது.

நீங்கள் எங்கே உட்காருவது? பக்கத்து நாற்காலி வேண்டாம். அதே அறையில், உங்கள் வேலையோடு, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருங்கள். பக்கத்திலேயே உட்கார்ந்தால் பிள்ளை ஒவ்வொரு வரிக்கும் உங்கள் முகத்தைப் பார்த்துச் சரியா தப்பா என்று தெரிந்துகொள்ளும். பரீட்சை அறையில் அந்த முகம் இருக்காது.

'அம்மா, இது வரலை' என்று நோட்டோடு வந்தால் பென்சிலைக் கையில் வாங்காதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். 'என்ன கண்டுபிடிக்கச் சொல்லியிருக்காங்க?' 'எதுவரைக்கும் உனக்கு வந்தது?' 'இதே மாதிரி கணக்கு நோட்டுல போட்டிருக்கியா?' பாதி நேரம் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போதே வழி தெரிந்துவிடும். மூன்றுக்கும் பிறகும் வரவில்லை என்றால் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு விட்டுவிடட்டும், மறுநாள் ஆசிரியரிடம் கேட்கட்டும். நீங்களே செய்துகொடுத்த வீட்டுப்பாடம் ஆசிரியரை ஏமாற்றுகிறது. பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்று நம்பி அவர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்.

படிப்பது எப்படி என்று யாரும் சொல்லித்தருவதில்லை

'படி, படி' என்று சொல்கிறோம். பிள்ளை புத்தகத்தை மூன்று முறை வாசிக்கிறது. மூன்றாம் முறை எல்லாம் பழகிய மாதிரி இருக்கும், அதைத் தெரிந்ததாக எண்ணிவிடும். பரீட்சையில் கேள்வியைப் பார்த்ததும் 'படிச்சேன், ஞாபகம் வரலை' என்று வருவது இதனால்தான். நினைவு வலுப்படுவது உள்ளே போடும்போதைவிட வெளியே எடுக்கும்போதுதான். ஒரு பகுதியை வாசித்ததும் புத்தகத்தை மூடி, வெள்ளைத் தாளில் நினைவுக்கு வந்ததை எழுத வேண்டும். பிறகு திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையில் சேர்க்க வேண்டும். அந்த நிறத்தில் இருப்பது மட்டும்தான் இனிப் படிக்க வேண்டிய பாடம்.

இடைவெளியும் முக்கியம். படித்தது முதல் சில மணி நேரத்தில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் மறக்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-இல் எழுதினார். முந்தின இரவு மூன்று மணி நேரம் படிப்பதைவிட அதே நேரத்தை நான்கைந்து நாளுக்குப் பிரித்தால் நிலைக்கும். வெள்ளிக்கிழமை தேர்வு என்றால், திங்கள் முதல் பாதி, செவ்வாய் இரண்டாம் பாதி, புதன் முழுவதையும் மூடிவைத்து எழுதிப்பார்ப்பது, வியாழன் தவறியவற்றை மட்டும் 20 நிமிடம். வியாழன் இரவு புதிதாக எதையும் தொடங்க வேண்டாம், நேரத்தோடு தூங்கட்டும்.

குறிப்பெடுக்க, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் உருவாக்கிய முறை இந்த வயதுக்கும் நன்றாகப் பொருந்தும். பக்கத்தின் இடப்பக்கம் மூன்றில் ஒரு பங்கை விட்டுக் கோடு போட்டு, வலப்பக்கம் வகுப்பில் கேட்டதை எழுதுவது. அன்று மாலை இடப்பக்கத்தில் அந்தக் குறிப்புகளுக்கான கேள்விகளை எழுதுவது. அடியில் இரண்டு வரியில் சாரம். தேர்வு சமயத்தில் வலப்பக்கத்தை ஒரு தாளால் மறைத்துவிட்டால் நோட்டே வினாத்தாள் ஆகிவிடும்.

கணக்கில் எங்கே சறுக்குகிறது

மற்ற பாடங்களில் ஒரு பாடத்தை விட்டாலும் அடுத்ததைப் பிடித்துக்கொள்ளலாம். கணக்கில் முடியாது. ஆறு முதல் எட்டு வரை வரும் விகிதம், சதவீதம், இயற்கணிதம் எல்லாம் பின்னத்தின் மேல் நிற்கின்றன. பின்னம் ஆட்டம் கண்டால் மேலே உள்ளதெல்லாம் ஆடும்.

பிள்ளையிடம் 1/2 + 1/3 போடச் சொல்லுங்கள். 2/5 என்று வந்தால் மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டியிருக்கிறது. 'தப்பு, பகுதியைச் சமமாக்கு' என்று சொன்னால் அந்தக் கணக்கு சரியாகும், அடுத்த வாரம் திரும்ப 2/5 வரும். அதைவிட, 'ஐந்துல இரண்டு பாதியைவிடப் பெரிசா, சின்னதா?' என்று கேளுங்கள். ஒரு கோடு வரைந்து ஐந்தாகப் பிரித்துப் பார்த்தால் இரண்டு பங்கு பாதிக்கும் குறைவு என்று தெரியும். பாதியோடு இன்னும் கொஞ்சம் கூட்டிய பிறகு பாதியைவிடக் குறைந்துபோகுமா? அந்த நொடியில் பிள்ளையின் முகம் மாறும். பிறகு அதே நீளத்தில் இன்னொரு கோட்டை ஆறு பங்காக்கி, பாதிக்கு மூன்று, மூன்றில் ஒன்றுக்கு இரண்டு, ஆக 5/6 என்று காட்டினால் பகுதியை ஏன் சமமாக்குகிறோம் என்பதும் விளங்கும்.

இன்னொரு சோதனை, 8 + 4 = □ + 5. கட்டத்தில் 12 என்று எழுதினால், சமக்குறியை 'விடை இங்கே எழுது' என்ற கட்டளையாகவே பிள்ளை இதுவரை நினைத்திருக்கிறது. இரண்டு பக்கமும் சமம் என்ற பொருள் பிடிபடாமல் இயற்கணிதத்துக்குள் போனால் ஒவ்வொரு சமன்பாடும் மனப்பாடச் சூத்திரமாகிவிடும். தராசுப் படம் போட்டுக் காட்டுங்கள். இடத்தட்டில் 12, வலத்தட்டில் 5-உம் தெரியாத ஒன்றும். அது 7.

இப்படி ஓட்டை எங்கே என்று தெரிந்ததும், தினம் 15 நிமிடம் அதை மட்டும் போடட்டும், நாலாம் ஐந்தாம் வகுப்புப் புத்தகமானாலும் எடுக்கட்டும். அதில் வெட்கம் ஏதுமில்லை. வகுப்பில் நடக்கும் பாடத்தையே இன்னொரு முறை நடத்தும் டியூஷன் இந்த ஓட்டையை அடைக்காது. ஆள் வைத்தாலும் 'எந்த இடத்திலிருந்து தொடங்குவீர்கள்?' என்று கேட்டுவிட்டு வையுங்கள்.

தேர்வுத் தாள் வந்ததும் தவறுகளை மூன்று வகையாகப் பிரித்து ஒரு நோட்டில் எழுதவையுங்கள். தெரியாமல் விட்டது, கேள்வியைத் தவறாகப் படித்தது, தெரிந்தும் கை தவறியது. மூன்றுக்கும் மருந்து வேறு. முதலாவதற்குத் திரும்பப் படிப்பு. இரண்டாவதற்குக் கேள்வியில் முக்கியச் சொல்லுக்கு அடிக்கோடு. மூன்றாவதற்குக் கடைசி ஐந்து நிமிடம் சரிபார்ப்பு. 'கவனமா எழுது' என்ற அறிவுரை மூன்றில் எதையும் தீர்க்காது.

உடலும் மனமும் மாறும் காலம்

பருவமடைதல் பெண் பிள்ளைகளுக்குப் பொதுவாக 8 முதல் 13 வயதுக்குள்ளும் ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் தொடங்குகிறது. நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெண் பிள்ளையின் பையில் ஒரு சின்னப் பைக்குள் நாப்கின் இரண்டு, மாற்று உள்ளாடை, ஒரு உறை எப்போதும் இருக்கட்டும், முதல் முறை பள்ளியிலேயே வரலாம். வந்தால் எந்த ஆசிரியையிடம் போக வேண்டும் என்பதையும் பேசி வையுங்கள். இந்தப் பயத்தோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பாடம் எப்படி ஏறும்?

இதே சமயத்தில் உடலின் தூக்கக் கடிகாரமும் தாமதமாக ஓடத் தொடங்குகிறது. இரவில் தூக்கம் வராமல் புரளுவதும் காலையில் எழ முடியாமல் தவிப்பதும் அதனால்தான். ஆனால் தேவை குறைவதில்லை. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரமும் பரிந்துரைக்கிறது. எழ வேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிப் படுக்கும் நேரத்தை வையுங்கள். போன் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே பெற்றோர் அறையில் சார்ஜுக்குப் போகட்டும். உங்கள் போனும் அங்கேயே போனால் விதி நிற்கும்.

மார்க் குறைந்ததும் விளையாட்டை நிறுத்துவது பல வீடுகளில் முதல் தண்டனை. தயவுசெய்து செய்யாதீர்கள். 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரி 60 நிமிடம் நன்றாக மூச்சு வாங்கும் உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். படிப்பில் தோற்று நிற்கும் பிள்ளைக்குத் தலை நிமிர்ந்து நிற்கும் ஒரே இடம் மைதானமாகவும் இருக்கலாம்.

நட்பு வட்டம் இந்த மூன்றாண்டில் உடைந்து உடைந்து சேரும். பெரும்பாலும் கேட்டுக்கொள்வது போதும். ஆனால் பொருட்கள் அடிக்கடி காணாமல் போவது, பள்ளி நாள் காலைகளில் மட்டும் வயிற்றுவலி, பள்ளிக் கழிவறைக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவருவது, போன் ஒலித்தாலே முகம் வாடுவது ஆகியவை சீண்டலின் அடையாளங்களாக இருக்கலாம். யார் என்று உலுக்காதீர்கள். தேதி, இடம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள் என்று எழுதிவையுங்கள். செய்திகளை அழிக்காமல் படமெடுத்து வையுங்கள். அதோடு வகுப்பாசிரியரைப் பாருங்கள். எதிர்த்தரப்புப் பெற்றோரை நேராகக் கூப்பிட்டுச் சண்டை போட்டால் பெரும்பாலும் மறுநாள் அதற்கும் சேர்த்துப் பிள்ளைதான் அனுபவிக்கும்.

ஆசிரியரிடம் பேசுவது

பெற்றோர் கூட்டத்தில் ஒரு ஆசிரியர் முன் ஐந்து பத்து நிமிடம்தான் கிடைக்கும். 'எப்படிப் படிக்கிறான்?' என்று கேட்டால் 'இன்னும் கொஞ்சம் முயற்சி செய்யலாம்' என்று பதில் வரும், இரண்டு பேருக்கும் பயன் இல்லை. இப்படிக் கேளுங்கள்: எந்த வகைக் கேள்வியில் மார்க் போகிறது? கொடுக்காமல் விட்ட வேலை ஏதாவது உண்டா? வகுப்பில் யாரோடு உட்கார்ந்தால் கவனம் நிற்கிறது? வீட்டில் ஒரே ஒரு விஷயம் செய்யலாம் என்றால் எதைச் செய்ய? பதிலை அங்கேயே எழுதிக்கொண்டு, அன்று மாலை பிள்ளையிடம் நல்லதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சின்ன விஷயங்களுக்குப் பிள்ளையே போய்க் கேட்கட்டும். கூச்சப்பட்டால் வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்து ஒருமுறை வீட்டில் ஒத்திகை பாருங்கள்: 'சார், நேத்து நடத்தின மூணாவது கணக்குல இந்த வரி எப்படி வந்ததுன்னு புரியலை. எப்ப வந்து கேட்கலாம்?' எந்த இடம் புரியவில்லை என்று சுட்டிக் கேட்கும் பிள்ளைக்கு உதவ ஆசிரியருக்கும் எளிது.

மார்க் வரும் நாளில் முதல் ஐந்து நிமிடம் எதுவும் சொல்லாமல் இருக்கப் பழகுங்கள். பாராட்டும்போதும் சொல் முக்கியம். கிளாடியா முல்லர், கரோல் டுவெக் இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், 'நீ புத்திசாலி' என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் ஒரு தோல்விக்குப் பிறகு சீக்கிரம் சோர்ந்தார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள். 'புதன்கிழமையே எழுதிப் பார்த்தியே, அது உதவியிருக்கு' என்று செய்த வேலையைச் சுட்டிச் சொன்னால் அடுத்த முறையும் அதைச் செய்யும்.

இவ்வளவும் ஒரு பருவம் முழுக்கச் செய்தும் வாசிப்பு எழுத்துக்கூட்டியே நகர்கிறது, எழுத்துப்பிழை குறையவே இல்லை, பத்து நிமிடம்கூட ஓரிடத்தில் இருக்க முடியவில்லை என்றால் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடோ கவனக்குறைவுக் கோளாறோ இருக்கலாம். அதற்கான நிபுணரிடம் மதிப்பீடு செய்துகொள்ளுங்கள். அதுவரை அதிக நேரம் உட்காரவைத்து எழுதவைப்பது பிள்ளையை வதைப்பதாகிவிடும்.

எப்போது விடுவது

ஆறாம் வகுப்பில் டைரியைத் தினமும் பாருங்கள். ஏழாம் வகுப்பில் வாரம் இரண்டு முறை. எட்டாம் வகுப்பில் வாரம் ஒருமுறை, அதுவும் பிள்ளையே எடுத்துக் காட்டட்டும். பள்ளியின் செயலியில் மார்க்கை நாளுக்கு நான்கு முறை திறந்து பார்ப்பதை நிறுத்துங்கள், வாரத்துக்கு ஒரு கிழமை வைத்துச் சேர்ந்து பாருங்கள். மறந்துவிட்டேன் என்று பள்ளியிலிருந்து தொலைபேசி வரும். மருந்தோ கண்ணாடியோ சாப்பாடோ என்றால் உடனே கொண்டுபோய்க் கொடுங்கள். நோட்டு என்றால் மாலை வரை மேசை மேலேயே இருக்கட்டும். அன்று இரவு பையை அடுக்கும்போது அதை முதலில் எடுத்துவைப்பது யார் என்று பாருங்கள்.